ஜனவரியில் தூர்வாரச் சொன்ன திட்டம்

எங்கள் ஊர் ஏரி பறவைகள் சரணாலயம். அடுத்த 10 ஆண்டுகளுக்கு அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்பது எழுதித் தயாராகிவிட்டது என்று காதில் விழுந்ததும், போய்க் கேட்டால் காட்டிவிடுவார்கள் என்று நம்பினேன். அந்தக் காகிதங்களைக் கண்ணால் பார்க்க ஏழு மாதமானது.

முதல் இரண்டு மாதம் வீணானதற்கு நானேதான் காரணம். வரைவு அரசிதழில் வரும், ஆட்சேபம் சொல்ல 60 நாள் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அந்த 60 நாள், சரணாலயத்தைச் சுற்றி அறிவிக்கும் சூழல் உணர்திறன் மண்டலத்துக்கு உரியது. உள்ளே நடக்கும் வேலைகளைச் சொல்லும் மேலாண்மைத் திட்டம் வேறு. நாமாகப் போய்த் தட்டினால்தான் கதவு திறக்கும்.

தட்டினேன். வனச்சரக அலுவலகத்தில் மாவட்ட அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, "ஏரி நீர்வளத் துறையுடையது, அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். நீர்வளத் துறையில் ஒருவர் சிரித்தே விட்டார். "தண்ணீர்தான் சார் எங்களுடையது. பறவை அவர்களுடையது." ஒரு நாள் விடுப்பும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

சரி என்று 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். 'சரணாலயத்தின் நீண்டகாலப் பாதுகாப்புத் திட்டம்' என்று எழுதியதுதான் தப்பு. "அப்படியொரு ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில். பொய் சொல்லவில்லை, கோப்பின் மேல் 'மேலாண்மைத் திட்டம்' என்றுதான் எழுதியிருக்கிறது. மனுப் போடுகிறவர்கள் கோப்பின் பெயரை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 'ஏன்', 'எப்படி' என்றெல்லாம் கேட்காதீர்கள், நகல் மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது மனுவுக்கு 30 நாளாகியும் பதில் இல்லை. மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகு ஒரு கடிதம் வந்தது, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி. கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்தின் 7(6) பிரிவு சொல்கிறது. அந்த எண்ணை மட்டும் குறிப்பிட்டுப் பதில் போட்டேன். பத்தாம் நாள் கட்டு வீட்டுக்கு வந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பிரித்தால், வரைபடம் கறுப்பு வெள்ளை நகல். 'பச்சை: மையப் பகுதி, மஞ்சள்: சுற்றுலாப் பகுதி' என்று ஓரத்தில் குறிப்பு. படத்தில் இருப்பதெல்லாம் ஒரே சாம்பல்! கூடு எங்கே, வண்டி நிறுத்துமிடம் எங்கே என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மூலக் கோப்பை நேரில் பார்க்க அனுமதி கேட்டேன். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. வண்ணப் படத்தில் பார்த்தபோது, நாரைகள் அடையும் நாட்டுக் கருவேல மரங்களுக்கு நேரெதிரே கரைமேல் பார்வைக் கோபுரம் போட்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கடைசியில் இருந்த அட்டவணையில் காத்திருந்தது. சீமைக் கருவேலம் அகற்றுதல், தூர்வாருதல், மண் திட்டு அமைத்தல் எல்லாவற்றுக்கும் எதிரே 'ஜனவரி – மார்ச்'. ஏரி நிரம்பி, மரத்துக்கு மரம் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும் மாதங்கள் அவை. முன்பக்கங்களில் இனப்பெருக்கக் காலத்தைப் பற்றி அழகாக எழுதியவர்கள்தான் இதையும் எழுதியிருக்கிறார்கள். எழுத்தரிடம் காட்டினேன். "மார்ச் 31க்குள் நிதியைச் செலவழிக்க வேண்டுமே" என்றார் சாதாரணமாக. பறவையின் நாட்காட்டியைக் கணக்காண்டு தின்றுவிட்டது.

திட்டத்தைத் திருத்தச் சொல்லும் மனுவை ஒரே பக்கத்தில் எழுதினேன். திட்டத்தின் பக்க எண், அட்டவணையின் வரிசை எண், என்ன மாற்றம் வேண்டும், அவ்வளவுதான். ஏரிப் பாசன விவசாயிகள் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒப்புகை முத்திரை வாங்காமல் நகரவில்லை. எழுத்தர் முத்திரையைத் தேடுவதாகச் சொல்லி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார். அது அவர் மேசையிலேயே இருந்தது.

திருத்திய அட்டவணை போன வாரம் கைக்கு வந்தது. தூர்வாருதல்: ஜூன் – ஆகஸ்ட். கோபுரம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இன்னும் இரண்டு 10 ரூபாய் வில்லைகள் வாங்கி வைத்திருக்கிறேன்.