நான்கு அங்குலக் குடும்பமும் ஒரு பருத்த வக்கீலும்

பீட்டர் ஹெவிட் இயக்கத்தில் 1997-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனில் வெளியான 'தி பாரோவர்ஸ்' படத்தைப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டால், ஒவ்வொருவரும் வெவ்வேறு படத்தைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கிறது. ஜான் குட்மன் ஏற்ற வக்கீல் வேடம் அடி மேல் அடி வாங்குவதைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்களுக்கு அது சிரிப்புப் படம். சுவருக்குள்ளும் தரைப் பலகைகளுக்கு அடியிலும் ஒளிந்து வாழும் குட்டி மனிதர்களின் வீட்டமைப்பைக் கண்டு வியந்தவர்களுக்கு அது கைவினைப் பொருட்காட்சி. மேரி நார்ட்டன் 1952-இல் எழுதிய மூல நாவலைப் படித்துவிட்டு வந்தவர்களோ, இவை இரண்டையும் ஏற்காமல், கதையையே மாற்றிவிட்டார்கள் என்று வருந்துகிறார்கள்.

கதை எளிமையானது. சுமார் நான்கு அங்குல உயரமுள்ள க்ளாக் குடும்பம், மனிதர்கள் வாழும் வீட்டில் அவர்களுக்குத் தெரியாமல் பொருட்களை 'இரவல்' எடுத்து வாழ்கிறது. திருப்பித் தருவது கிடையாது என்பதால் அது இரவலா திருட்டா என்ற கேள்வியைக் குழந்தைகள் உடனே எழுப்பிவிடுவார்கள். அந்த வீட்டை அங்கே வாழும் லெண்டர் குடும்பத்திற்கு எழுதிவைத்த உயிலை மறைத்து, வீட்டை இடித்துப் புதிய கட்டடம் எழுப்பத் திட்டமிடுகிறார் வக்கீல். உயில் குட்டி மனிதர்களின் பிள்ளைகள் கையில் சிக்க, துரத்தல் தொடங்குகிறது. அந்த வக்கீலின் பெயர் பாட்டர். க்ளாக் வீட்டுச் சிறுவன் பீகிரீனாக நடித்த டாம் ஃபெல்டன், அப்பா பாடாக நடித்த ஜிம் பிராட்பென்ட், பூச்சி ஒழிப்பவராக வரும் மார்க் வில்லியம்ஸ் ஆகிய மூவருமே பின்னாளில் ஹாரி பாட்டர் படங்களில் நடித்தவர்கள் என்பதால், இன்று இப்படத்தைப் பார்க்கும் இளைஞர்களில் பலருக்கு முதல் சிரிப்பு அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே வந்துவிடுகிறது.

படம் எந்தக் காலத்தில் நடக்கிறது என்று புரியவில்லை என்பது பலரும் சொல்லும் குறை. தெருவெங்கும் பழைய மோரிஸ் மைனர் கார்கள் ஓடுகின்றன, வானத்தில் வான்கப்பல் மிதக்கிறது, ஆனால் வக்கீலின் கையில் செல்பேசி இருக்கிறது. இதைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. நான்கு அங்குல மனிதர்களை நம்பத் தயாராக இருக்கும் ஒருவர், ஆண்டு எது என்று கேட்டுக்கொண்டு நிற்பது சற்றே வேடிக்கைதான். பழுப்பும் பச்சையுமாகத் தோய்ந்த அந்த நகரம் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இல்லாதது. ஆகவேதான் படம் இவ்வளவு ஆண்டுகள் கழிந்தும் பழசாகத் தெரியவில்லை. அதே ஆண்டின் நடப்பு லண்டனைக் காட்டியிருந்தால், இன்று அதன் வயது முதல் காட்சியிலேயே தெரிந்திருக்கும்.

அளவு மாறும்போது உலகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் இத்தகைய படங்களின் உயிர் இருக்கிறது. தொடக்கத்தில் க்ளாக் வீட்டு மகள் அரியெட்டி உறைபெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் காட்சியும், பீகிரீன் பால் புட்டிக்குள் சிக்கிப் பால்பண்ணையின் இயந்திர வரிசையில் நகர்ந்து செல்லும் காட்சியும் அதற்குச் சான்று. நமக்குச் சாதாரணமான ஒரு புட்டி, அவனுக்கு ஏறவே முடியாத கண்ணாடிக் கிணறு. என் அக்காவின் பிள்ளைகள் வக்கீல் விழும் இடங்களில் துள்ளிச் சிரித்தார்கள். பால்பண்ணைக் காட்சியில் மட்டும் பேச்சு மூச்சு இல்லை. படம் வெறும் கேலிக்கூத்து என்று ஒதுக்குபவர்கள் இந்தக் காட்சியை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

நாவலின் ரசிகர்கள் வைக்கும் குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அதில் அரியெட்டி, மனிதர்கள் தங்கள் இனத்திற்குத் தொண்டு செய்யவே படைக்கப்பட்டவர்கள் என்றும், அவர்கள் எண்ணிக்கையில் மிகவும் குறைவு என்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள். மனிதர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அழிந்துகொண்டிருப்பது உங்கள் இனம்தான் என்று ஒரு சிறுவன் அவளிடம் சொல்லும் இடம், குழந்தை இலக்கியத்தில் நான் படித்தவற்றுள் மிகவும் கொடுமையான உரையாடல்களில் ஒன்று. ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் 2010-இல் இதே நாவலை டோக்கியோவின் புறநகருக்குக் கொண்டுபோய் அரியெட்டியின் பெயரிலேயே எடுத்த அனிமேஷன் படம் இந்தத் துயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. இதயநோயால் வாடும் சிறுவனின் வாயிலிருந்தே அந்தச் சொற்கள் வருகின்றன. அதனால்தான் இரண்டையும் பார்த்தவர்கள் ஜிப்லி படத்தையே உயர்த்திப் பேசுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் ஹெவிட்டின் படம் அந்தத் துயரத்தைக் கவனிக்கத் தவறிவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். இறுதியில் நகர மன்றக் கட்டடத்தில் பாட்டரைச் சூழ்ந்துகொண்டு கட்டிப்போடும் குட்டி மனிதர்களின் பெருங்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தாங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கிறோமோ என்ற அச்சத்திற்கு, இல்லை, சுவருக்குச் சுவர் ஆட்கள் இருக்கிறார்கள் என்று படம் தரும் பதில் அது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு பார்க்கும் படத்திற்கு அந்தப் பதில் பொருத்தமானதே. பதில் எளிதாகிவிட்டது என்று சொல்லலாம்; கேள்வியே எழவில்லை என்று சொல்ல முடியாது.

நான் முழுமையாக உடன்படும் குறை ஒன்று உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. அம்மா ஹோமிலியாக வரும் சீலியா இம்ரி நல்ல நடிகை; அவருக்குப் படத்தில் பதறுவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. நாவலில் கதையை நகர்த்துபவளே ஹோமிலிதான். பொம்மை வீட்டு மேசை நாற்காலிகளை அந்தச் சிறுவன் கொண்டுவந்து தரத் தர, இன்னும் வேண்டும் என்ற ஆசை அவளுக்கு ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் வீட்டுப் பணிப்பெண் மிஸஸ் டிரைவரின் கண்ணில் படுகிறார்கள், எலி பிடிப்பவனும் வந்து சேர்கிறான். ஆபத்து வெளியிலிருந்து வருவதற்கு முன்பே அவர்களது வரவேற்பறையில் முளைத்துவிடுகிறது. படமோ ஆசை முழுவதையும் வக்கீலின் தலையில் சுமத்திவிட்டு, குட்டி மனிதர்களைக் குற்றமே அறியாதவர்களாக்கிவிட்டது. குட்மனுக்கு அது கொண்டாட்டமான வேடம், அவரும் வெளுத்து வாங்கியிருக்கிறார். ஹோமிலிக்குத்தான் ஆசைப்படுவதற்குக்கூட ஒரு நாற்காலி மிஞ்சவில்லை.