ஒன்பது அங்குலச் சுவர்

நான் லண்டனுக்கு வந்தது 2017 நவம்பரில். முதலில் தங்கியது நூறு வருடத்துக்கும் மேல் பழமையான வரிசை வீடொன்றின் பின்னறையில். காலையில் எழும்பினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். தலைமாட்டுச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். கூட இருந்தவர்கள், "இந்த நாட்டில் அப்படித்தான்" என்றார்கள். பதினாறு வருடம் மேசன் வேலை செய்த எனக்கு மனம் கேட்கவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தேன். நடுவில் இடைவெளி விடாமல் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஊரில் வெயிலை வெளியே நிறுத்தத்தான் வழி பார்த்துக் கட்டினோம். இங்கே உள்ளே இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். அந்தச் சுவருக்கு அது முடியாது.

ஆனால் கட்டட வேலைக்குள் நுழையவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது. வேலைத்தளங்களில், கட்டடத் தொழிலாளியின் தகுதியைக் காட்டும் சிஎஸ்சிஎஸ் அட்டை கேட்பார்கள். ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் கணினியில் ஒரு பரீட்சையும் முடித்தால் கிடைப்பது பச்சை அட்டை, அதாவது கூலியாள். தொழில் தெரிந்தவருக்கான நீல அட்டைக்கு என்விகியூ என்ற தொழில் தகைமையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வேண்டும். என் பதினாறு வருடத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை. மூட்டை சுமந்தேன். கட்டடத் தொழில் பயிற்சிச் சபையான சிஐடிபி, 2025 முதல் 2029 வரை மேலதிகமாக 239,300 பேர் தேவை என்று மதிப்பிட்டிருக்கிறது. அதே நாட்டில் தச்சு தெரிந்தவர், பூச்சு வேலை தெரிந்தவர் எல்லாம் கடைகளில் சாமான் அடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் முதலிலிருந்து படித்துத்தான் என்விகியூ எடுக்க வேண்டும் என்றில்லை. மதிப்பீட்டாளர் வேலை நடக்கும் இடத்துக்கே வந்து, நாங்கள் செய்வதைப் பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கும் வழியும் இருக்கிறது. எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

அந்த வழியில் சான்றிதழ் எடுத்துத்தான் ரெட்ரோஃபிட் வேலைக்கு வந்தேன். பழைய வீட்டை இடிக்காமல், சூடு வெளியேறாதபடி திருத்துகிற வேலை. 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதாக இந்த நாடு 2019இல் சட்டம் போட்டது. எரிவாயுவில் சூடாகும் வீடுகளோ இரண்டு கோடிக்கு மேல்.

கூரைக்குள் 270 மில்லிமீட்டர் தடிப்பில் சூடு காக்கும் கம்பளி விரிப்பது இலகு. சுவர்தான் கடினம். வெளிப்பக்கம் காப்புப் பலகை ஒட்டி, வலை பதித்து, மேலே பூச வேண்டும். நடுச்சுவரில் பலகை ஒட்ட ஒரு கிழமையில் பழகலாம். தொழில் இருப்பது ஓரங்களில்: ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, கூரை வந்து முட்டும் இடத்தில், குழாய் சுவருக்குள் போகும் இடத்தில். அங்கே இரண்டு அங்குலம் மூடாமல் விட்டால், சுவர் முழுக்கச் சூடாக இருக்க, அந்த இரண்டு அங்குலம் மட்டும் குளிர்ந்து நிற்கும். சமைக்கிற, குளிக்கிற, மூச்சு விடுகிற ஈரமெல்லாம் அங்கே போய்த்தான் தண்ணீராகும். பூச்சு விரிசலால் மழை நுழைந்தால் பலகைக்கும் செங்கலுக்கும் நடுவே காய வழியில்லாமல் கிடக்கும். காற்றோட்டத்துக்கு வழி வைக்காமல் வீட்டை இறுக்கி அடைத்தாலும் பூஞ்சணம்தான்.

லண்டனின் ஹரோவில் ஒரு தமிழ் அம்மாவின் வீட்டில் இதை முழுதாகப் பார்த்தேன். யாரோ வந்து இலவசமாகச் சுவர் உறை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "தம்பி, முந்தி குளிர் மட்டும்தான். இப்ப ஈரமும் சேர்ந்திட்டுது. பேரனுக்கு இருமல் நிக்குதில்லை" என்றார். ஜன்னல் ஓரத்தில் பூச்சைக் கிளப்பினேன். உள்ளே பலகையே இல்லை, வெறும் பூச்சு. 2025 அக்டோபரில் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை வந்தது. அரச திட்டங்களில் வெளிச்சுவர் உறை போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள். 22,000 வீடுகளுக்கு மேல். ஆள் பற்றாக்குறையால் வேலை பிந்தும் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். பழகாத கைகளை அவசரமாக இறக்கினால் என்ன ஆகும் என்பதை அந்த வீடு காட்டியது.

வெளியே இருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் மானியம் உண்டு. ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு சூடு கிடைக்கும். நல்ல சாமான். ஆனால் கொதிகலனைவிடக் குறைந்த சூட்டில்தான் தண்ணீரை ஓட்டும். சூடு கசியும் வீட்டுக்கு அது போதாமல் போகலாம். அதனால் முதலில் சுவரையும் கூரையையும் பாருங்கள்.

அந்த அம்மாவின் வீட்டில் நாங்கள் நான்கு பேர் மூன்று கிழமை நின்றோம். எல்லா ஜன்னல் ஓரங்களையும் பிரித்து, செங்கலைக் காயவிட்டு, மெல்லிய பலகை வெட்டி உள்மடிப்புவரை கொண்டுபோய் ஒட்டினோம். குளியலறைக்குப் புதுக் காற்றாடி. அடுத்த தை மாதம் போய்ப் பார்த்தபோது மூலையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அறை நடுவே தள்ளி வைத்திருந்த அலுமாரியைத் திரும்பச் சுவரோடு சேர்க்கலாமா என்று கேட்டார்.

"சேருங்கோ அம்மா. இரண்டு அங்குலம் மட்டும் இடைவெளி விடுங்கோ, காத்துப் போகட்டும்" என்றேன்.