அப்பா தூக்கிய மூட்டையும் என் குடலிறக்கமும்

போன வருடம் மார்ச்சில் ஒருநாள் குளிக்கும்போதுதான் முதலில் கையில் தட்டுப்பட்டது. வலது தொடை இடுக்கில் அரை எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலி இல்லை. ஆனாலும் குடலிறக்கம் என்று உடனே புரிந்துவிட்டது. ஹெர்னியா என்பார்கள், வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியாகக் குடல் வெளியே பிதுங்குவது. அப்பாவுக்கு இதே இடத்தில் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அப்பா எழுபதுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1978இல் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாள் வார்டில் கிடந்தார். அப்புறம் மூன்று மாதம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார்கள். நாலு வருடத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. இன்னொரு தடவை கத்தி வைக்கப் பயந்து பெல்ட் போட்டுக்கொண்டார். தோல் வார், நடுவில் உள்ளங்கை அகலத்தில் கெட்டியான ஒரு மெத்தை. இரவு அதைக் கழற்றும்போது வார் பட்ட இடமெல்லாம் கறுத்துக் காய்த்திருக்கும். “ஓவர்டைமுக்கு ஆசைப்பட்டு உடம்ப நானே கெடுத்துக்கிட்டேன்” என்பார். 83 வயதிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கணக்கு எழுதும் ஆள். கனமாக எதையும் தூக்கியதில்லை. பிறகு எனக்கு ஏன் வந்தது?

பாலிகிளினிக்கில் டாக்டர் நிற்க வைத்து, இருமச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எதுவும் வேண்டாம், இதுவே போதும் என்று மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். சில வாரம் கழித்து அறுவை மருத்துவரைப் பார்த்தபோது நான் முதலில் கேட்டதே அந்தக் கேள்வியைத்தான். அவர் பொறுமையாக ஒரு தாளில் படம் வரைந்தார்.

ஆண் குழந்தையின் விதைகள் முதலில் வயிற்றுக்குள்தான் இருக்கும். பிறப்பதற்கு முன்னால் கீழே இறங்கும்போது வயிற்றின் உள்சவ்வும் பை மாதிரி கூடவே வரும். அந்த வழி பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுதாக மூடுவதில்லை. வலப்பக்கம் கடைசியாக மூடுவதால் அங்கேதான் அதிகம் வருகிறதாம். இன்னொன்று, தசையைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம். உறுதியான முதல் வகை குறைந்து, மெல்லிய மூன்றாம் வகை கூடுதலாக இருப்பவர்களுக்கு வயிற்றுச் சுவர் எளிதில் தளர்கிறது. அது பரம்பரையாகவும் வரலாம், புகைப்பதும் அதைக் கெடுக்கும். கனம் தூக்குவதற்குப் பங்கே இல்லை என்று அவர் சொல்லவில்லை. “இருக்கிற பலவீனத்த அது வெளியே காட்டலாம். ஒரே காரணம்னு சொல்ல முடியாது. மூட்டை தூக்கின எல்லாருக்குமா வந்தது?” என்றார்.

எனக்கு அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டேன். முன்பெல்லாம் கண்டால் அறுக்க வேண்டும் என்பதே வழக்கம். 2006இல் அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு வெளியான பிறகு அது மாறியது. தொந்தரவு இல்லாதவர்கள் காத்திருக்கும்போது குடல் திடீரென மாட்டிக்கொள்வது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான் நேர்ந்தது. ஆனால் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி கூடியதால், சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். காத்திருப்பது ஆண்களுக்கு மட்டும்தான் என்பதையும் அழுத்திச் சொன்னார். பெண்களுக்குத் தொடைப்பக்கக் குடலிறக்கமாக இருந்தால் அது சீக்கிரம் இறுகிவிடும், தள்ளிப்போடக் கூடாது. இதை அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வீக்கம் கல்லாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் யாராக இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு 995 அழைக்க வேண்டும்.

நான் காத்திருந்தேன். பதினோரு மாதம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்துடன் நடந்தபோது பாதி வழியிலேயே இழுத்துப் பிடிக்கும் வலி தொடங்கியது. வேண்டுதலை முடித்தேன். மறுவாரமே தேதி கேட்டுவிட்டேன்.

அப்பாவுக்குச் செய்தது, 1880களில் இத்தாலியில் பாஸினி கொண்டுவந்த வழியை ஒட்டியதாக இருக்கும் என்றார் மருத்துவர். சொந்தத் தசையையே இழுத்துத் தைப்பது. இழுவை இருப்பதால் தையல் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். 1980களில் லிச்டென்ஸ்டைன் இழுக்காமல் மேலே வலை வைத்துத் தைப்பதைப் பரப்பினார். எனக்கு அந்த வலையை, மெஷ் என்பார்கள், மூன்று சின்னத் துளை வழியாக உள்பக்கம் வைத்தார்கள். சிலருக்கு வலி மாதக்கணக்கில் தங்கலாம் என்பதையும் கையெழுத்து வாங்கும்முன் சொன்னார்கள்.

காலை ஏழு மணிக்குப் போனேன், மாலை ஐந்து மணிக்கு வீடு. நடுவில் நேரம் எடுத்தது ஒன்றுதான். சிறுநீர் கழிக்காமல் அனுப்ப மாட்டார்கள். மயக்கம் தெளிந்து மூன்று மணிநேரம் வரவில்லை. தாதி வந்து “அங்கிள், அவசரப்படாதீங்க, கொஞ்சம் நடங்க” என்று குழாயைத் திறந்துவிட்டுப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் விதைப்பை நாவற்பழ நிறத்துக்கு மாறியதைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. பத்து நாளில் நிறம் மாறிவிட்டது. பில்லில் பெரும்பகுதி மெடிசேவில், அதாவது சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று சேரும் கணக்கில், கழிந்தது.

எவ்வளவு நாள் தூக்கக் கூடாது என்று கேட்டதற்கு, “வலிக்காத அளவுக்கு எதையும் செய்யலாம்” என்றார்கள். அப்பாவால் அதை நம்பவே முடியவில்லை. அப்போதுதான் அந்தத் தாளை எடுத்து அவரிடம் காட்டினேன், படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன்.

“அப்ப நான் மூட்டை தூக்குனதால இல்லியா?”

“அதனால மட்டும் இல்லப்பா. உங்களுக்கும் எனக்கும் உடம்போட வந்தது.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தாளைத் தன் பக்கம் இழுத்து, “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.