சர்மா வீட்டுப் பிள்ளைகள்

நேற்றிரவு திருகோணமலை உவர்மலை வீட்டில் அம்மாவும் நானும் நெட்ஃபிளிக்ஸ் தொடர் 'பிரிட்ஜர்டன்' இரண்டாவது சீசன் பார்த்து முடித்தோம். 2022இல் வந்தது, நாங்கள் எப்போதும் லேட்தான்.

1814ஆம் ஆண்டு லண்டன். இந்தியாவிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள். குடும்பப் பெயர் சர்மா என்றதும் அம்மா, "எங்கட ஐயர் ஆக்களோ?" என்றா. அக்கா தங்கச்சியின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டா. தகப்பனை 'அப்பா' என்கிறார்கள், சரி. அக்காவை மட்டும் ஏன் ஹிந்தியில் 'தீதி' என்கிறார்கள்? நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இரண்டு பேருமே தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள். வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட விட்டிருக்கலாம். எல்லா ஊரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் இப்படித்தான்.

ஆனால் "அந்தக் காலத்து லண்டனில் இந்தியர்கள் எங்கே இருந்தார்கள்" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே 'எச்எம்எஸ் டிரிங்கோமலி' என்று ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் இருக்கிறது. பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிகள் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கியது. இப்போதும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதே காலக் கதைகளை எழுதிய ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ், கடற்படைத் தளபதி, 1852இல் பர்மாவில் இறந்தாலும் புதைக்கப்பட்டது இங்கே திருகோணமலைச் சவக்காலையில்.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. "மூத்தவளுக்கு அந்த ஊதாச் சீலைத் துணி நல்லா எடுக்குது. அடுத்த சீசனிலயும் வாறாவோ?"