ஓசூரில் ஒரு கிளினிக், பெங்களூரில் ஒரு கிளினிக்

ஓசூரில் 9 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்துவந்த நான், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகில் இரண்டாவது கிளினிக்கைத் தொடங்க எண்ணியதற்கு என் நோயாளிகளே காரணம். ஓசூரில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் சிகிச்சைக்கு மூன்று முறை வரவேண்டுமென்றால் இரண்டாவது முறையோடு நின்றுவிடுவார்கள். மேலுறையாகக் கேப் போடாமல் விட்ட பல் சில மாதங்களில் ஈறு மட்டத்தோடு உடைந்து, பிடுங்குவதைத் தவிர வழியில்லாத நிலையில் என்னிடம் திரும்பி வரும்.

வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகுதான் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தை முழுமையாகப் படித்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அச்சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பதிவேடு உண்டு. வேறு மாநிலத்தில் தொழில் செய்பவர் தம் பெயரை அங்குள்ள பதிவேட்டுக்கு மாற்றக் கோரலாம். மாற்றினால் என் பெயர் தமிழ்நாட்டுப் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். ஓசூர் நாற்காலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. எனவே, கர்நாடகத்தில் பதிவு பெற்ற என் கல்லூரித் தோழியைப் பங்குதாரராகச் சேர்த்து, முதலீட்டை நானும் சிகிச்சைப் பொறுப்பை அவரும் ஏற்பது என்று முடிவு செய்தோம்.

அப்படியிருந்தும், கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2007-இன் கீழ் விண்ணப்பித்தபோது, பொறுப்பு மருத்துவர் என்ற இடத்தில் பழக்கத்தில் என் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணையே எழுதிவிட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்து, மூன்று வாரம் வீணானது. ஓசூர் கிளினிக் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவதால், அதற்குப் பெற்ற சான்றிதழ் கர்நாடகத்தில் எந்த வகையிலும் உதவாது.

எக்ஸ்ரே கருவிக்கு இரு மாநிலங்களுக்கும் பொதுவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதால், ஓசூரில் இருந்த பழைய கருவியைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால், பதிவு என்பது கருவியை அது இயங்கும் இடத்தோடு சேர்த்துச் செய்யப்படுவது. வாரியத்துக்குத் தெரிவிக்காமல் அதை இடம் மாற்றக் கூடாது. பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் புதியது வாங்கினேன்.

நான் மிகுந்த கவலைப்பட்டது மருத்துவக் கழிவைப் பற்றித்தான். 2016-ஆம் ஆண்டு விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், உறிஞ்சுகுழாய் சிவப்புப் பையில், ஊசி வெள்ளைப் பெட்டியில். ஆனால், அனுமதி தருவது அந்தந்த மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். திறப்பதற்கு முந்தைய வாரம் ஒத்திகையாகச் சில உறவினர்களுக்குத் தோழி பல் சுத்தம் செய்தார். கழிவை எடுத்துச் செல்லும் வண்டிக்கான ஒப்பந்தம் அதுவரை கையெழுத்தாகவில்லை. மஞ்சள் பையை ஓசூருக்கு எடுத்துச் சென்று அங்கே நம் கழிவை எடுக்க வரும் வண்டியிலேயே போட்டுவிடலாம் என்று உதவியாளர் சொன்னார். அப்படிச் செய்தால் அப்பையில் ஓசூர் கிளினிக்கின் பார்கோடை ஒட்ட வேண்டியிருக்கும். அதை ஒட்டினால் கணக்கே பொய்யாகிவிடும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அன்று மாலைக்குள் ஒப்பந்தத்தை முடித்து, மறுநாள் காலை வண்டி வரும்வரை எனக்கு உறக்கமில்லை.

பெயர்ப்பலகையையும் இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது: கர்நாடகத்தில் 2024-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி 60 சதவீதம் கன்னடம்; தமிழ்நாட்டில் தமிழும் ஆங்கிலமும் பிற மொழியும் 5:3:2 என்ற அளவில். தொழில் வரி கர்நாடகத்தில் மாதந்தோறும், தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை. இதைக் கணக்காளர் பார்த்துக்கொண்டார்.

திறந்த ஐந்தாம் மாதம் தோழியின் தாயார் நோய்வாய்ப்பட, அவர் 12 நாள் ஊருக்குப் போனார். ரூட் கெனால் பாதியில் இருந்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில், “நீங்கதான் இருக்கீங்களே டாக்டரம்மா, வந்து அடைச்சு விட்டுடுங்க” என்று கேட்டார். கருவிகளும் நாற்காலியும் என்னுடையவை. ஆனால், கர்நாடகப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. அவரை ஓசூருக்கே வரச்சொல்லி, என் கிளினிக்கில் அந்தப் பல்லை முடித்துக் கொடுத்தேன். மற்ற நோயாளிகளுக்காக, கர்நாடகத்தில் பதிவு பெற்ற இன்னொரு மருத்துவரின் எண்ணை ஆவணத்தில் சேர்க்கும்வரை அங்கே கதவு ஆறு நாள் பூட்டியே இருந்தது.