குழாய் வெடித்தது ஒரு நொடி, க்ளெய்ம் இன்னும் முடியவில்லை
"நாள்பட்ட கசிவு." வீட்டுக் காப்பீட்டில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் அறிக்கையில் இருந்த இந்த ஒரு வரிதான் என் க்ளெய்மைக் கவிழ்த்தது. குழாய் திடீரென்று வெடித்துத் தண்ணீர் கொட்டியிருந்தால் பாலிசியில் பணம் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஊறியிருந்தால் பராமரிப்புக் குறை என்று கைவிரித்துவிடுவார்கள்.

தகவல் சொன்னது, படிவம் நிரப்பியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சர்வேயர் வந்தார், செல்போனில் நாலு படம் எடுத்தார், நனைந்து உப்பிப்போன அலமாரியைத் திறந்துகூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். அப்புறம் ஒரு நாள் போனில், "சார், உங்க க்ளெய்ம் வராது." ஏன் என்றால், "ரிப்போர்ட் அப்படித்தான் இருக்கு." போனில் சொன்னதை வைத்து எங்கும் முறையிட முடியாது. பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள், சர்வே அறிக்கையின் நகலும் வேண்டும் என்று மெயில் போட்டு, இரண்டும் வரும்வரை விடவில்லை.

என்னைக் காப்பாற்றியது உடைந்த குழாய்த் துண்டுதான். பிளம்பர் குப்பையில் போடப் போனதை வாங்கி வைத்திருந்தேன். நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்குப் பிளந்திருந்தது, விளிம்பில் உப்புப் படிவோ கறையோ கிடையாது. பல நாள் கசிந்த இடமென்றால் வெள்ளை பூத்திருக்கும், சுவரிலும் வளையம் வளையமாகக் கறை தெரியும். இதையே பிளம்பரிடம் எழுதி வாங்கி, தேதியோடு எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்பியதும் வேறு சர்வேயர் வந்தார். தண்ணீரை அடைப்பது, நனைந்ததை வெளியே எடுப்பது இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள், கூடுதல் சேதத்தை நம் தலையில் கட்டிவிடுவார்கள். ஆனால் கழற்றிய எதையும் அவர்கள் பார்க்கும் முன்னால் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் அடுத்த குண்டு. வீட்டைக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்திருக்கிறேனாம். மதிப்பு 100, காப்பீடு 60 என்றால் சேதம் எவ்வளவு சின்னதானாலும் 60 சதவீதம்தான் தருவார்களாம். கணக்கைத் தோண்டினால் அந்த 100-க்குள் மனையின் விலையையும் சேர்த்திருக்கிறார்கள்! என் பாலிசியில் வீட்டின் மதிப்பு என்பது கட்டடத்துக்கு மட்டும், அதுவும் திரும்பக் கட்டும் செலவின்படி. பாலிசியில் அந்த வரியைக் கோடு போட்டு அனுப்பியதும் வெட்டு காணாமல் போனது, மன்னிப்பு மட்டும் வரவில்லை.

கடைசியாக ஒரு தாளை நீட்டினார்கள்: "முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்." அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீதியைக் கேட்பது பெரும்பாடு. நீங்களே ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுங்கள், மீதிக்கான உரிமையை நான் விடவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். முடியாது என்றவர்கள், நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி அடுத்தது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன்தான் என்றதும் பணத்தைப் போட்டார்கள். அங்கே போக, முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், கெடுவும் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

அந்த மீதி, அதாவது அலமாரி பழசானதென்று கழித்த தேய்மானம், இன்னும் இழுபறி. மரத்துக்குக் கழித்தது போதாதென்று தச்சர் கூலிக்கும் கழித்திருக்கிறார்கள். கூலி எப்படித் தேயும் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.