நின்றுபோன இசட்80

1976-ல் வந்த, பழைய கம்ப்யூட்டர்களுக்கும் மெஷின்களுக்கும் மூளையாக இருந்த இசட்80 (Z80) சிப்பை நிறுத்தப் போகிறோம் என்று அதைச் செய்யும் ஸைலாக் கம்பெனி 2024 ஏப்ரலில் அறிவித்தபோது, கடைசி ஆர்டர் கொடுக்க ஜூன் 14 வரைதான் நேரம் இருந்தது. 48 வருஷம் ஓடிய பாகத்துக்கு இரண்டே மாதம்! பெரிய கம்பெனி என்றால் பல வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடும், பழைய மெஷின் போர்டுகளைப் பழுது பார்க்கும் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது?

போன மாதம் இசட்80 என்று ஆன்லைனில் வாங்கிய நாற்பது கால் சிப் ஒன்றின் மேல் சந்தேகம் வந்து, பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். மேலே இருந்த கறுப்புப் பூச்சு எழுத்தோடு சேர்ந்து பஞ்சில் வந்துவிட்டது, அடியில் பார்த்தால் பழைய பெயரை அழிக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள். உள்ளே என்ன சிப்போ, யாருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள், மூலத் தயாரிப்பாளரிடமே உரிமம் வாங்கி, நின்றுபோன சிப்புகளைத் தொடர்ந்து செய்து தருகின்றன. அது சரியான வழி. நிறுத்துகிறவர்கள் அந்த உரிமத்தையாவது யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

இப்போதைக்கு, பழைய போர்டுகளில் இருந்து கழற்றிய நல்ல சிப் மூன்றைக் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.